அரைப் பீடமும் அறுபத்தொரு சேனையும்

டோம்பிவிலி வரை: மும்பைத் தமிழர் வரலாறு – 19

சென்ற வாரம், மாதுங்காவிலும் தாராவியிலும் வாடகை கட்டுப்படியாகாமல் தமிழ்க் குடும்பங்கள் செம்பூர், முலுண்ட், டோம்பிவிலி என்று ரயில் பாதையை ஒட்டி நகர்ந்த கதையைப் பார்த்தோம். டெம்போவில் ஏறிய சாமான்களில் பூஜை அலமாரியும் ஒன்று. ஆனால் எல்லாச் சாமியும் அந்த அலமாரியில் ஏறிவிடவில்லை. ஏறி வந்த சாமிக்கும் ஊரில் இருந்த பதவி அப்படியே கிடைக்கவில்லை. யார் பெரிய சாமி, யார் சின்னச் சாமி, யார் முன்னால் யார் காவல் நிற்க வேண்டும் என்று சொந்த ஊர் போட்டு வைத்திருந்த வரிசை வழியிலேயே கலைந்தது. இங்கே வந்து வேறொரு வரிசை உருவானது. இந்த வாரம் அந்தக் கதை.

1924-இல் வந்த கிராம தெய்வம்

சத்ரபதி சிவாஜி முனையத்திலிருந்து டோம்பிவிலி சுமார் 48 கிலோமீட்டர். ஸ்டேஷனுக்குக் கிழக்கே ஃபட்கே ரோட்டில் ஸ்ரீகணேஷ் மந்திர் இருக்கிறது. நிறுவப்பட்ட ஆண்டு 1924. மராத்திப் புத்தாண்டான குடி பாட்வா அன்று ஊரே பட்டுடுத்தித் தெருவில் இறங்கும் ஷோபா யாத்திரையை 1999-இல் தொடங்கி வைத்தது இந்தக் கோயில்தான். பிறகு அந்த வழக்கம் மகாராஷ்டிரத்தின் மற்ற நகரங்களுக்கும் பரவியது. மராத்திக்காரர்கள் இந்தக் கணபதியை டோம்பிவிலியின் 'கிராமதைவத்' என்கிறார்கள்.

1924-க்கு முன்பும் இங்கே ஊர் இருந்தது. நெல் விளைவித்த ஆக்ரி சமூகத்தாரின் சிற்றூர்கள்தான் இன்றைய டோம்பிவிலிக்கு அடித்தளம். இந்தப் பக்கத்துப் பழைய ஊர்களுக்கெல்லாம் எல்லை காக்க ஒரு காவ்தேவி உண்டு. பெரும்பாலும் செந்தூரம் பூசிய கல்தான் உருவம். பூசை செய்பவரும் உள்ளூர்க் குடும்பத்தவரே. இலக்கணப்படி கிராம தெய்வம் அவள்தான். ஆனால் நகரத்துக்கு ரயிலில் வேலைக்குப் போய்வந்த புதுக் குடித்தனக்காரர்கள் தங்கள் கணபதியை ஸ்டேஷன் அருகே அமர்த்தினார்கள். ஊர் அவரைச் சுற்றி வளர்ந்தது. பட்டமும் அவருக்கே போனது. வயதில் மூத்தவள் ஒருத்தி, பதவியில் மூத்தவர் இன்னொருவர். தெய்வங்களின் வரிசையைப் பற்றி டோம்பிவிலி கற்றுத் தரும் முதல் பாடம் இது. மூப்பு இங்கே செல்லாது. யார் குடியேறினார்கள் என்பதே செல்லும்.

வரிசை போட்டவர்கள்

தமிழ் மரபின் மிகப் பழைய தெய்வப் பட்டியல் தொல்காப்பியத்தில் இருக்கிறது. காட்டுக்கு மாயோன், மலைக்குச் சேயோன், வயலுக்கு வேந்தன், கடற்கரைக்கு வருணன். நான்கு நிலம், நான்கு தெய்வம். ஒருவருக்கு மேல் ஒருவர் என்ற ஏற்ற இறக்கம் அதில் இல்லை. மலைக்குப் போனால் சேயோன், கடலுக்குப் போனால் வருணன், அவ்வளவுதான்.

மேல் கீழ் என்ற அடுக்கு பின்னால் வந்தது. ஏழாம் நூற்றாண்டிலேயே அப்பர் தேவாரத்தில் 'சிறுதெய்வம்' என்ற சொல் வந்துவிட்டது. அரசும் ஆகமமும் சேர்ந்து எழுப்பிய கோயில்களில் ஒவ்வொரு தெய்வத்துக்கும் இடம் குறிக்கப்பட்டது. கருவறையில் ஒருவர், சுற்றாலையில் பரிவார தெய்வங்கள், வாசலில் துவாரபாலகர், வெளியே பலிபீடம். யார் யாருக்குக் கீழே என்பதை நடந்து பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

அந்த அடுக்கில் ஏறியவர்களும் உண்டு, இறங்கியவர்களும் உண்டு. வேந்தனாக, இந்திரனாக, காவிரிப்பூம்பட்டினத்தில் 28 நாள் விழாக் கண்டவனுக்கு இன்று தனிக்கோயிலைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். சங்கப் பாடல்களில் காணப்படாத பிள்ளையாரோ இன்று தெருமுனை தவறாமல் உட்கார்ந்திருக்கிறார். எல்லோரையும்விடக் கடுமையான வீழ்ச்சி சேட்டைக்கு, அதாவது மூதேவிக்கு. பல்லவர், பாண்டியர், முற்காலச் சோழர் காலத்தில் சிவன் கோயில்களில் அவளுக்குத் தனிச் சிலை இருந்தது. காஞ்சி கைலாசநாதர் கோயிலிலும் திருப்பரங்குன்றத்துக் குடைவரையிலும் இன்றும் அவளைப் பார்க்கலாம். தொண்டரடிப்பொடி ஆழ்வார் காலத்திலேயே அவளை வணங்குவது ஏளனத்துக்குரியதாகிவிட்டது. பரிவார தெய்வமாக இருந்தவள் கடைசியில் வசைச் சொல்லாக மிஞ்சினாள்.

இந்த அடுக்கைத் தாளில் எழுதி வைக்க முதலில் பெரிதாக முயன்ற ஐரோப்பியர் தரங்கம்பாடிக்கு 1706-இல் வந்த பார்த்தலோமேயு சீகன்பால்கு. தமிழரிடம் கேட்டும் ஏடுகளைப் படித்தும், தென்னிந்தியத் தெய்வங்களின் வம்சாவளியை 1713-இல் ஜெர்மன் மொழியில் எழுதி முடித்தார். நான்கு பாகம்: முதலில் பராபரவஸ்து, அடுத்து மும்மூர்த்திகளும் அவர்கள் குடும்பமும், மூன்றாவதாக ஐயனார், மாரியம்மன் முதலிய கிராம தேவதைகள், நான்காவதாகத் தேவர்கள். கையெழுத்துப் படி ஜெர்மனியின் ஹாலே நகருக்குப் போனது. பிற சமயத்தை ஒழிக்கப் போனவர் அதைப் பற்றி இத்தனை அக்கறையாக எழுதுவதா என்று மேலிடத்துக்குப் பிடிக்கவில்லை. அந்த நூல் சென்னையில் அச்சேறியது 1867-இல்தான். அதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தேவர்களை, இந்திரனையும் சேர்த்து, கிராம தேவதைகளுக்குப் பின்னால் வைத்தார் சீகன்பால்கு. புராணம் தரும் வரிசை வேறாக இருக்கலாம். தரங்கம்பாடித் தெருவில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள். இந்திரனுக்கு யார் என்ன செய்தார்கள்?

திரை போடும் நேரம்

தாராவித் தமிழரில் பெரும்பகுதியினர் நெல்லைச் சீமையிலிருந்து வந்தவர்கள் என்று முன்பே எழுதியிருந்தேன். அந்தச் சீமையில் தெய்வத்தின் தகுதியைச் சொல்லும் அளவுகோல் சோறு. படைப்பில் கறி உண்டா இல்லையா என்பதுதான் முதல் கேள்வி.

சுடலைமாடன் கதையே இதற்குச் சாட்சி. கயிலாயத்தில், தூண்டாமணி விளக்கின் சுடரிலிருந்து, பார்வதி கேட்ட பிள்ளையாகப் பிறந்தவர் சுடலை. பிறப்பில் குறையே இல்லை. இரவில் சுடுகாட்டுக்குப் போய்ப் பிணம் தின்றதால் கயிலாயத்தில் இருக்கத் தகுதியில்லை என்று வரம் கொடுத்துப் பூமிக்கு அனுப்பினார்கள். கொடை எனப்படும் கோயில் விழாதோறும் வில்லுப்பாட்டில் பாடப்படும் கதை இது. சிவனுக்கே மகனாக இருந்தாலும் சாப்பாடு மாறினால் பதவி போகும். அதே சமயம் கீழே வந்த பிறகுதான் அவருக்குக் கொடையும் சாமியாடியும் ஊரும் கிடைத்தன என்பதையும் அந்தக் கதையே சொல்கிறது.

பாபநாசத்துக்கு மேலே காரையாற்றில் இருக்கும் சொரிமுத்து ஐயனார் கோயிலுக்கு ஆடி அமாவாசையில் போனால் மொத்த அடுக்கையும் ஒரே வளாகத்தில் காணலாம். ஐயனாருக்குச் சைவப் படைப்பு. சுற்றிலும் சங்கிலிபூதத்தார், தளவாய் மாடன், தூசி மாடன், பிரம்மராட்சசி என்று காவலும் ஏவலும். தென்பாண்டிச் சீமையில் இந்தப் பரிவாரத்தை 'இருபத்தொரு பந்தி, அறுபத்தொரு சேனை' என்பார்கள். அதே வளாகத்தில் பட்டவராயனும் இருக்கிறார். பிராமணராகப் பிறந்து, செருப்புத் தைக்கும் குடும்பத்தின் பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணந்து, மாடு காக்கப் போய் உயிர்விட்ட முத்துப்பட்டன்தான் அவர். அவருக்குக் காணிக்கை தோல் செருப்பு. கீழ்ப்பட்டதாக ஊர் ஒதுக்கிய பொருள் இங்கே சன்னிதியில் தொங்குகிறது.

1949, 50-களில் மதுரைக்கு மேற்கே பிரமலைக் கள்ளர் ஊர்களில் தங்கி ஆராய்ந்த பிரெஞ்சு மானுடவியலாளர் லூயி துமோன், 1953-இல் ஐயனாரைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். கருப்பனுக்குக் கிடா வெட்டும்போது ஐயனார் முன்னால் திரை போடுகிறார்களே, அதிலிருந்து அவர் ஒரு முடிவுக்கு வந்தார். ஐயனாரைத் தனியாகப் பார்த்தால் அவர் யாரென்று சொல்ல முடியாது. கருப்பனின் பக்கத்தில் நிறுத்தினால்தான் அவர் எசமான். கறி தின்னும் காவல்காரன் இருப்பதால்தான் தின்னாதவர் மேலே இருக்கிறார். தெய்வத்தின் தகுதி தெய்வத்துக்குள் இல்லை, அடுத்து நிற்பவரோடு உள்ள உறவில் இருக்கிறது என்பது துமோன் சொன்னதன் சாரம். ஊரின் சாதி அடுக்கும் அப்படித்தான் இயங்கியது என்பதை அவரும் சொன்னார். சொல்லாமலே ஊருக்கும் தெரியும்.

இந்த அடுக்கை விட்டு வெளியேற நினைத்தவர்களும் அதே சீமையில் இருந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சாமித்தோப்பிலிருந்து அய்யா வைகுண்டர் பலியையும் பேய் வழிபாட்டையும் கைவிடச் சொன்னார். மேலிருந்து வந்த முயற்சி வேறு விதம். கோயில்களில் ஆடு கோழி பலியிடுவதைத் தடுக்கும் 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கண்டிப்பாக நிறைவேற்றச் சொல்லி 2003 ஆகஸ்டில் தமிழக அரசு உத்தரவிட்டது. குலசாமிக்குக் கிடா வெட்ட முடியாமல் போன கிராமங்களின் கோபம் பலமாக இருந்தது. 2004-இல் சட்டமே நீக்கப்பட்டது. சைவமாக்கினால் சாமிக்குப் பதவி உயர்வு என்று மேலே இருந்தவர்கள் நினைத்தார்கள். கும்பிடுகிறவர்களுக்கு அது சாமியைப் பட்டினி போடுவதாகப் பட்டது.

அண்ணன் யார், தம்பி யார்?

இப்படியொரு வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டு வந்தவர்கள், மகாராஷ்டிரம் ஏற்கெனவே முழுதாக ஒரு வரிசை வைத்திருப்பதைக் கண்டார்கள். இங்கே சக்தி பீடங்களின் கணக்கு மூன்றரை. கோலாப்பூர் அம்பாபாய், துளஜாப்பூர் பவானி, மாகூர் ரேணுகா மூன்றும் முழுப் பீடம். வணியின் சப்தசிருங்கி அரைப் பீடம். உலகத்தில் எத்தனையோ தெய்வ அடுக்குகள் உண்டு. ஒரு தேவிக்கு அரைப் பங்கு மதிப்பு போட்டு, அதனால் அவள் கூட்டம் கொஞ்சமும் குறையாத அடுக்கு இதுவாகத்தான் இருக்கும். விநாயகருக்கு எட்டுத் தலம், அதில் முதல் மரியாதை மோர்காவுக்கு. நமக்கு முருகனுக்கு ஆறுபடை வீடு, பெருமாளுக்கு 108 திவ்யதேசம். பட்டியலில் இடம் பிடித்த ஊர் மேலே போகும். பிடிக்காத ஊர், சாமி அதேதான் என்றாலும், கீழே நிற்கும்.

அடுக்குகள் மோதிய இடம் குடும்ப உறவு. நமக்குப் பிள்ளையார் அண்ணன், முருகன் தம்பி. மராத்தியருக்குக் கார்த்திகேயன் அண்ணன், கணபதி தம்பி. நம் பிள்ளையார் கட்டைப் பிரமச்சாரி. பிரபாதேவி சித்திவிநாயகருக்கோ இருபுறமும் ரித்தியும் சித்தியும். நம் முருகனுக்கு வள்ளி, தெய்வானை. இங்குள்ள கார்த்திகேயன் பிரமச்சாரி. அவரைப் பெண்கள் கார்த்திகைப் பௌர்ணமிப் பொழுதில் மட்டுமே தரிசிப்பது பழைய வழக்கம். செம்பூர் செடா நகரில் படியேறிப் போய்க் கும்பிடும்படி உயரத்தில் திருச்செம்பூர் முருகனை அமர்த்திய தமிழர்கள், கோயிலோடு தங்கள் உறவுமுறையையும் சேர்த்தே அமர்த்தினார்கள். அங்கே வள்ளி மணாளனைப் பார்க்கப் பெண்கள் எந்தப் பௌர்ணமிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

ரேணுகா கதை இன்னும் கூர்மையானது. மகன் பரசுராமன் கையால் தலை வெட்டுப்பட்டவள் அவள். மாகூரில் முகம் மட்டுமே உருவமாகக் கொண்டு முழுப் பீடத்தின் நாயகியாக இருக்கிறாள். தேசஸ்த பிராமணக் குடும்பங்கள் பலவற்றுக்குக் குலதேவி. தமிழ்நாட்டில் அதே கதை மாரியம்மன் கதையாகச் சொல்லப்படுகிறது. வெட்டுண்ட தலை, ஒதுக்கப்பட்ட சாதிப் பெண்ணொருத்தியின் உடலில் ஒட்டியது. அந்தத் தலையும் உடலும் மாரியாகவும் எல்லையம்மனாகவும் ஆயின என்பார்கள். படவேட்டு ரேணுகாம்பாளும் தலையாகவே வணங்கப்படுகிறாள். கதை ஒன்று, வெட்டு ஒன்று. மகாராஷ்டிரத்தில் அவள் அடுக்கின் உச்சியில். தமிழ்நாட்டில் பெரும்பாலும் ஊர் எல்லையில்.

வருமானப் பிரிவு

சமயம் போட்ட வரிசை போதாதென்று அரசும் ஒன்று போட்டது. சீனத்தில் பேரரசர்களே தெய்வத்துக்குப் பதவி உயர்வு உத்தரவு அனுப்புவார்கள். கடலோடிகளின் தெய்வமான மாட்சு, சோங் காலத்தில் 'சீமாட்டி', பிறகு 'தேவி', 1281-இல் 'வானகத் தேவி', சிங் ஆட்சியில் 'வானக அரசி' என்று படிப்படியாக ஏறியது அரசாணையால்தான். நம்முடைய 1959-ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 46-ஆம் பிரிவு கோயில்களை ஆண்டு வருமானத்தால் பிரிக்கிறது. 10,000 ரூபாயிலிருந்து 2 லட்சத்துக்குள் ஒரு பிரிவு, 2 லட்சத்திலிருந்து 10 லட்சத்துக்குள் ஒன்று, 10 லட்சமும் அதற்கு மேலும் ஒன்று. 10,000-க்கும் கீழே உள்ளவை 46-க்குள்ளேயே வராது. மகாராஷ்டிர அரசோ தலங்களுக்கு அ, ப, க என்று வர்க்கம் பிரித்து, அதற்கேற்ப மானியம் ஒதுக்குகிறது.

மும்பைக்கு எந்தச் சட்டமும் தேவைப்படவில்லை. பிரபாதேவி சித்திவிநாயகர் 1801-இல் லட்சுமண் விட்டு, தேவுபாய் பாட்டீல் ஆகியோர் கட்டிய சிறிய கோயிலில் இருந்தவர். ஊருக்கே பெயர் கொடுத்த மும்பாதேவியைவிட இன்று அவர் வாசலில் வரிசை நீளம். மாதுங்கா கிங்ஸ் சர்க்கிளில் ஜி.எஸ்.பி. சேவா மண்டல் வைக்கும் கணபதி உட்கார்வது ஐந்தே நாள். 2023-இல் அதற்கு எடுத்த காப்பீடு 360.40 கோடி ரூபாய். நகை, தொண்டர்கள், பூசாரிகள், பந்தல் எல்லாம் அதில் அடக்கம். ஒவ்வோர் ஆண்டும் அந்தத் தொகை செய்தியாவதால், தெய்வத்தின் தரவரிசையைப் பத்திரிகையில் படிக்கும் பழக்கம் நகரத்துக்கு வந்துவிட்டது.

பந்தலின் அளவு அதைப் போட்டவரின் அளவு என்பதையும் மாதுங்கா பார்த்திருக்கிறது. எழுபதுகளிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் ஸ்டேஷன் வாசலில் நிழலுலகத் தலைவர் வரதராஜ முதலியார் போட்ட கணபதி பந்தலுக்குத் திரை நட்சத்திரங்கள் வந்து போனார்கள். பிறகு காவல் துறை நெருக்க, ஆளோடு பந்தலும் சுருங்கியது. இதில் நம் கதைக்கு வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. நகரத்தில் தலைநிமிர நினைத்த அந்தத் தென்பாண்டித் தமிழர் பந்தல் போட்டது சுடலைக்கோ முத்தாரம்மனுக்கோ அல்ல. நகரத்தின் பெரிய சாமி யாரென்று பார்த்து, அவருக்கே போட்டார்.

ரயில் ஏறிய சாமி, ஏறாத சாமி

இப்போது டோம்பிவிலிக் குடியிருப்புக்குத் திரும்புவோம். இங்கே முதல் அளவுகோல் கறியோ காசோ அல்ல. சாமி பயணம் செய்யுமா என்பதுதான்.

மாதுங்காவிலிருந்து வந்த பாலக்காட்டு ஐயர் வீடுகள் சிலவற்றில் பஞ்சாயதன பூஜை உண்டு. நர்மதையின் பாணலிங்கம் சிவன், கண்டகியின் சாளக்கிராமம் விஷ்ணு, சுவர்ணமுகிக் கல் அம்பாள், தஞ்சாவூர் வல்லத்து ஸ்படிகம் சூரியன், சோணபத்திரத்துச் சிவப்புக் கல் கணபதி. ஐந்தும் உள்ளங்கையில் அடங்கும். நடுவில் இஷ்ட தெய்வம், மூலைகளில் மற்ற நால்வர். வீட்டுக்கு வீடு நடு மாறலாம். வரிசையும் உண்டு, வரிசையை மாற்றிக்கொள்ள உரிமையும் உண்டு. இப்படிப்பட்ட தெய்வத்துக்கு ஒற்றைப் படுக்கையறை வீடே தாராளம். பஜனை சம்பிரதாயமும் அதே வகை. ஒரு படம், ஒரு குத்துவிளக்கு, ஜால்ரா, இருபது பேர் உட்காரக் கூடம் இருந்தால் கோயில் தயார். நடைபயணமும் விரதமுமாக வந்த ஐயப்பனும், படமாகவே வீடு வீடாக நுழைந்த ஷீரடி பாபாவும் இந்த நகரத்தில் இத்தனை உயரம் போனதற்கு இந்த லேசான உடம்பும் ஒரு காரணம்.

சுடலைக்கு அந்த வசதி இல்லை. அவர் பூடம் என்னும் பீடத்தில் இருக்கிறார். பூடம் மண்ணில் இருக்கிறது. வேறிடத்தில் எழுப்ப வேண்டுமானால் மூலக் கோயிலிலிருந்து பிடிமண் எடுத்து வர வேண்டும், சாமியாடி வேண்டும், வில்லுப்பாட்டு வேண்டும், கிடா வெட்டி ஊரோடு சாப்பிட இடம் வேண்டும். நாலாவது மாடியில் எதைச் செய்வது? ஆகவே அவர் வரவில்லை. மக்கள்தான் போகிறார்கள். கோடை விடுமுறையில் கல்யாண் ஸ்டேஷனில் நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஏறும் கூட்டத்தில் கொடைக்குப் போகிறவர்கள் எத்தனையோ பேர்.

அன்றாட நாட்காட்டியில் சுடலைக்கு இடம் சுருங்கிவிட்டது என்பது உண்மை. ஆனால் கல்யாணம் நிச்சயமானால் முதல் பத்திரிகை குலசாமிக்குத்தான். உடம்புக்கு முடியாமல் போனால் மஞ்சள் துணியில் காசு முடிவது அவரை நினைத்துத்தான். ஃபட்கே ரோட்டுக் கணபதியை வாரம்தோறும் கும்பிடுகிற அதே கை செய்கிற வேலை இது. ஊரில் ஒரே வரிசையாக இருந்தது இங்கே இரண்டாகப் பிரிந்துவிட்டது. அன்றாடத்துக்கு நகரத்தின் பெரிய சாமி, ஆபத்துக்கும் சுபத்துக்கும் ஊரின் சின்னச் சாமி. ஒன்றில் மேலே இருப்பவர் இன்னொன்றில் கீழே.

இந்த விஷயத்தில் தமிழருக்கும் ஆக்ரிகளுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆக்ரிக் குடும்பங்களும் அன்றாடம் கணபதியைக் கும்பிட்டுவிட்டு, சைத்ர மாதத்தில் குலதேவி ஏகவீராவைத் தேடிக் கார்லா மலைக்குப் போகிறார்கள். சம்பந்தம் பேசும் வீட்டில் 'உங்கள் குலதெய்வம் எது' என்று இரண்டு மொழியிலும் கேட்கிறார்கள். டோம்பிவிலியில் பிறந்த மூன்றாம் தலைமுறைத் தமிழ்ப் பிள்ளைகளில் சிலருக்கு அதற்குப் பதில் தெரிவதில்லை. தாத்தாவின் ஊருக்கு ஃபோன் போட்டுக் கேட்கிறார்கள். பெரிய சாமியை மறந்தவர்கள் கோபுரத்தைப் பார்த்து நினைவுபடுத்திக்கொள்ளலாம். சின்னச் சாமி உறவுக்காரர்களின் நினைவில் மட்டுமே குடியிருப்பவர். உறவு விட்டுப்போனால் எந்தப் பட்டியலிலும் அவரைத் தேடி எடுக்க முடியாது. ஆகவே இந்த நகரத்தில் ஆபத்து அடுக்கின் கீழ்ப்படியில் இருப்பவருக்குத்தான். அவரைக் கீழே வைத்தவர்களால் வந்த ஆபத்து அல்ல அது. கும்பிடுகிறவர்கள் ஊருக்குப் போவதை நிறுத்துவதால் வருவது.

அடுத்த வாரம்: படமும் ஜால்ராவும் மட்டும் வைத்துத் தொடங்கிய மாதுங்கா பஜனை சமாஜங்கள் கல் கோயில்களான கதை.

(தொடரும்)